ஈரப்பதம் முப்பத்தொன்று

தக்கலையில் குடை பிடித்துப் பஸ் ஏறினேன்.
தோவாளை தாண்டுமுன் குடை காய்ந்துவிட்டது.
ஆரல்வாய்மொழியில் இறங்கினால்
கடன்காரன் மாதிரி
முந்தானையைப் பிடித்து இழுக்கிறது காற்று.
மலைக்கு அந்தப் பக்கம் ஆனி மழை.
இந்தப் பக்கம் காற்றாடிகள்,
அவற்றின் தலைக்குள் வைக்கிற பலகைகளுக்குச்
சில்லு பொருத்தும் எங்கள் கம்பெனி.

வாசலில் இரண்டு விளக்கு.
மணிக்கட்டில் பட்டை, குதிகாலில் பட்டை,
தகட்டில் ஏறிப் பொத்தானை அழுத்தணும்.
பச்சை எரிந்தால் கதவு திறக்கும்.
உள்ளே பாலித்தீன் கூடாது, தெர்மாகோல் கூடாது,
கோட்டுப் பொத்தான் ஒன்றுகூடத் திறந்திருக்கக் கூடாது.
பூ வைக்கலாம் என்றோ கூடாது என்றோ
எந்த விதியிலும் இல்லை.
தொப்பிக்குள் அது தானாக நசுங்கிக்கொள்ளும்.

நாற்காலியைவிட்டு எழுந்தாலே
உடம்பில் ஆயிரம் வோல்ட் ஏறுமாம்.
மூவாயிரம் ஆனால்தான் நமக்குச் சுள்ளென்று படும்.
சில்லுக்கு நூறு போதும்.

தொட்டவளுக்கு ஒன்றும் நடக்கவில்லை.
உள்ளே,
மயிரை நூறாகப் பிளந்தது போன்ற ஒரு கம்பி
பாதி உருகி நிற்கிறது.
சோதனை மேசையில் அது தேறும்.
வெள்ளி உறையில் ஏறும், முத்திரை வாங்கும்.
பத்து மாதம் கழித்து
எண்பது மீட்டர் உயரத்தில்
காற்று கொட்டுகிற ஒரு ராத்திரி
காற்றாடி, காரணம் சொல்லாமல் நின்றுபோகும்.

அப்படித் திரும்பி வந்தவை ஏழு.
ஏழிலும் ஒன்பதாம் மேசை முத்திரை.

எலக்ட்ரீஷியன் தாணுலிங்கம் வந்து
விரிப்பை அளந்தார், தரையை அளந்தார்,
அயனி விசிறிக்கு முன்னால் குத்தவைத்துக் காத்திருந்தார்.
கடைசியில் வெளியே போய்
எர்த் குழியின் மூடியைத் தூக்கினார்.
கரியும் புத்தளம் உப்பும் இட்டு நிரப்பிய குழி
பாளமாக வெடித்துக் கிடந்தது.
ஒரு வாளித் தண்ணீர்.
மண் சத்தத்தோடு குடித்தது.
‘குழி வறட்சி’ என்று அறிக்கை எழுதி
எல்லாரும் டீ குடிக்கப் போனார்கள்.

குழி பதினாறு மேசைக்கும் பொது.
பலகைகள் ஏழும் ஒரே மேசை.
ஒன்பதாம் மேசை என்னுடையது.

போன ஆடியில் பட்டைக்கு அடியில் தோல் வெடித்தது.
தேங்காயெண்ணெய் தடவினேன், விளக்கு சிவப்பு.
துடைத்தேன், சிவப்பு.
முதுகுக்குப் பின்னால் வரிசை முணுமுணுக்கிறது,
மணி எட்டு ஐந்து.
எச்சில் தொட்டுத் தேய்த்தேன்.
பச்சை.
உள்ளே போய், எரிச்சல் தாளாமல்,
பட்டையைக் கோட்டுக் கைக்கு மேலே கட்டிக்கொண்டேன்.
பார்க்கிறவர்களுக்குக் கட்டியிருக்கிறாள்.
பதினோரு நாள்.

அந்தப் பட்டையின் சுருள்வயருக்குள்
பத்து லட்சம் ஓம் தடை ஒன்று உண்டு.
அது சில்லுக்காக இல்லை.
எங்கேயாவது கரண்ட் கசிந்தால்
நான் சாகாமல் இருப்பதற்கு.
சில்லைக் காக்கிற கம்பியில்
முகம் தெரியாத யாரோ
என்னையும் நினைத்து வைத்திருக்கிறார்கள்.
இதை இந்த வாரம்தான் படித்தேன்.
படிக்காமல் இருந்திருந்தால்
சொல்லியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

ரோஸ்லெட் அக்காவிடம் இன்று சொன்னேன்.
திட்டுவாள் என்று பல்லைக் கடித்து நின்றேன்.
பேனாவை மூடினாள்.
என் கையைத் திருப்பி
மணிக்கட்டின் கறுத்த வளையத்தைப் பார்த்தாள்.
படிவத்தை மேலிருந்து கீழே ஒருமுறை,
கீழிருந்து மேலே ஒருமுறை.
“இதுக்குக் கட்டமே இல்லியே விஜிலா.”

சுவரில் ஈரப்பதம் முப்பத்தொன்று.
அதற்குக் கட்டம் இருந்தது,
அதை எழுதினாள்.
ஓரத்தில், கட்டத்துக்கு வெளியே,
பென்சிலால் வேறு ஏதோவும் எழுதினாள்.
என்னவென்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

திரும்புகிற பஸ்ஸில் ரெக்சின் சீட்டு.
தக்கலையில் எழுந்து
இரும்புக் கம்பியைப் பிடித்தேன்.
சுள்.

மூவாயிரம் இருக்கும்.